பதினொன்றே காலுக்கு உச்சிவெயில்

போர்ட் பிளேரில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை பத்தரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். புள்ளிகள் குச்சியை நெருங்கிக்கொண்டே வரும். பிறகு விலகத் தொடங்கும். குச்சிக்கு மிக அருகே எந்தப் புள்ளி இருக்கிறதோ, அதுதான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகியிருக்காது. சராசரியாக 11.19. நவம்பர் தொடக்கத்தில் செய்தால் 11.03 வரை முந்தும். பிப்ரவரி நடுவில் 11.33 வரை பிந்தும்.

இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். போர்ட் பிளேர் இருப்பதோ 92.7 டிகிரிக்குச் சற்று மேலே. டிகிரிக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 41 நிமிடம். சென்னையில் இதே குச்சியை நட்டால் நண்பகல் சராசரியாக 12.09-க்கு வரும். ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களும் 50 நிமிட இடைவெளியில் வாழ்கின்றன. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு நாள் போர்ட் பிளேர் குச்சிக்கு உச்சிப்பொழுதில் நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் 22 சுமார் வரை நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். (2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். பழகிய பெயரிலேயே எழுதுகிறேன்.)

பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதெல்லாம் ஒரு பத்தி, ஒரு படம், இரண்டு மதிப்பெண் கேள்வி. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு வருட வேலை. வாரம் ஒரு நாள் குச்சி நட வேண்டும்; மழை நாளில் காத்திருக்க வேண்டும்; மே மாதம் நிழல் ஏன் திசை மாறியது என்று கேட்க வேண்டும். வீட்டுக் கல்வியின் பெருமை என்று பலர் பலதைச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதன் ஒரே பெரிய சொத்து இந்த நேரம்தான்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல், அல்லது சேர்த்த பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள் சென்னை, கோவை, பெங்களூரு, மும்பை என்று எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர் 1977-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1990-களின் தொடக்கத்துக்குள் அங்கே 50 மாநிலங்களிலும் இது சட்டபூர்வமாகிவிட்டது. ஜெர்மனியில் இன்றும் கூடாது. நம் நாட்டில் இரண்டுங்கெட்டான் நிலை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு சிறுமியின் பெயரில் வழக்கு வந்தபோது, விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தவர்கள் அதைத் தொடரலாம் என்று 2012-இல் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் கொடுத்தது. பிறகு அதைப் பின்வாங்கிக்கொண்டது. நடைமுறையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பல்வகைக் குறைபாடோ கடும் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் 2012 சட்டத் திருத்தம் வீட்டிலேயே கற்கும் உரிமையைத் தெளிவாகத் தந்திருக்கிறது.

இப்படியொரு குடும்பம் அந்தமானுக்கு மாற்றலாகி வந்தால் என்ன செய்யும்? கடற்படை, துறைமுகம், வங்கி, மத்திய அரசு அலுவலகம் என்று தீவில் மாற்றல் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு நான் சொல்வது: பாடத்திட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க அவசரப்படாதீர்கள்.

முதலில் செல்லுலார் சிறை. எல்லோரும் போகிற இடம்தான். பெரும்பாலோர் மாலை ஒலி-ஒளிக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கித் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகளிடம் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்து அந்தச் சிறையைக் கட்டச் சொல்லிப் பாருங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம். நடுவில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்து ஆரக்கால் போல ஏழு கிளைகள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. வட்டத்தை ஏழாகப் பிரிக்க வேண்டும் என்ற முதல் அடியிலேயே பிள்ளை மாட்டிக்கொள்ளும். 360-ஐ ஏழால் வகுத்தால் 51.42857 என்று தசமம் நீண்டுகொண்டே போகும். காம்பஸையும் அளவு குறிக்காத நேர்கோலையும் மட்டும் வைத்துக்கொண்டு வட்டத்தைச் சரியாக ஏழு சமபாகம் ஆக்கவே முடியாது; 1837-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்ட்செல் அதை நிரூபித்துவிட்டார். ஆறு என்றால் சுலபம், எட்டு என்றால் சுலபம், ஏழு மட்டும் அடம்பிடிக்கும். கோணமானியை எடுத்துத் தோராயமாகத்தான் ஒட்ட வேண்டும். பிறகு நிஜச் சிறையின் கிளைகள் சம கோணத்தில்தான் இருக்கின்றனவா என்று வான்வழிப் படத்தில் அளந்து பார்க்கலாம்.

கிளைகளை ஒட்டிய பிறகுதான் உண்மையான பாடம். அறைக் கதவுகள் எல்லாம் ஒரே பக்கம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். ஏறத்தாழ 690 அறைகள். எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைத் தன் அறைக் கம்பி வழியே பார்க்க முடியாது. அட்டையில் கதவுகளை வெட்டும்போது இது பிள்ளைக்குத் தானாகவே புலப்படும். “ஏன் இப்படி?” என்று அதுவே கேட்கும்போது வரலாறு தொடங்குகிறது. முடித்த பிறகு நான்கு கிளைகளைப் பிய்த்தெறியச் சொல்லுங்கள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்றுதான். இடிந்த கிளைகள் இருந்த பக்கத்தில் அரசு மருத்துவமனை நடக்கிறது. தியாகிகளின் நினைவிடத்தை இடித்து மருத்துவமனை கட்டியது சரியா என்று இரண்டு பிள்ளைகளை எதிரெதிர்க் கட்சியில் உட்கார வைத்தால் ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது.

சாத்தம் மர அறுவை ஆலைக்கு ஒரு நாள். 1883-இல் தொடங்கியது, 1942-இல் ஜப்பானியர் போட்ட குண்டின் பள்ளம் வளாகத்துக்குள் இன்னும் இருக்கிறது. படாக் மரத்தின் சிவப்பைக் காட்டுவதற்காகவே போகலாம். சமுத்ரிகா அருங்காட்சியகத்தில் நீலத் திமிங்கிலக் குட்டியின் எலும்புக்கூடு உண்டு. இவை எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருப்பவை.

கையேட்டில் அதிகம் பேசப்படாத ஒரு வகுப்பறை சிப்பிகாட். ஊரிலிருந்து சிறிது தூரம்தான். 2004 வரை அங்கே வயல்கள். அந்த டிசம்பர் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கடல் உள்ளே வந்தது. வந்த நீர் பிறகு போகவே இல்லை. வயல் இருந்த இடம் இன்று சதுப்பு. அந்தமான் கிளுவை உட்படப் பறவைகள் இறங்கும் இடம். வடக்கே இன்டர்வியூ தீவுப் பக்கம் நிலம் உயர்ந்து பவளப்பாறை வெளியே வந்து காய்ந்தது. தெற்குக் கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. ஒரு துண்டு மரப்பலகையின் ஒரு முனையை அழுத்தி இதைப் பிள்ளைக்கு விளக்கிவிடலாம். நிலம் போன விவசாயி ஒருவரைச் சந்தித்தால் வேறு விதமாகப் புரியும். இரண்டும் வேண்டும். பறவை பார்க்கும் உற்சாகத்தில் அது யாரோ ஒருவரின் நெல் வயல் என்பது மறந்துவிடக் கூடாது.

கடற்கரைக்கு வண்டி எடுக்கும் முன் ஓத அட்டவணையைப் பார்க்கும் பழக்கம் தீவுப் பிள்ளைக்குத் தானே வரும். இறங்குமுகம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலவின் பிறையை வரைந்து பக்கத்தில் நேரத்தைக் குறித்தால் ஒரு மாதத்தில் அடுத்த வாரத்தைப் பிள்ளையே கணித்துச் சொல்லும். ஆனால் கிளிஞ்சல் பொறுக்கிப் பையில் போடும் ஆசைக்கு அங்கே இடமில்லை. பவளமும் பெரிய சிப்பி வகைகள் சிலவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். இது ஒரு விதத்தில் நல்லது. கையில் எடுத்துப்போக முடியாததை உட்கார்ந்து வரையத்தான் வேண்டும். வரைகிற கண், பொறுக்குகிற கண்ணைவிட நிறைய பார்க்கும். வண்டூர் பக்கம் உப்புநீர் முதலை உண்டு என்ற எச்சரிக்கைப் பலகையை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போகக் கூடாத இடம் ஒன்றும் உண்டு. பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகிற சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள்தான் போகிறது. காவல் வண்டி முன்னே செல்ல, வாகனங்கள் வரிசையாகப் பின்தொடர வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காட்டுக்குள் ஓடும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டும் சாலை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ 2012-இல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. குகையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஜன்னல் வழியே மனிதர்களைத் தேடுகிற பயணத்துக்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர் வைக்காதீர்கள். சுண்ணாம்புக் குகை ஆந்திராவிலும் இருக்கிறது.

கடல் பின்வாங்கியபோது

2004 டிசம்பர் 26 காலை. சின்ன அந்தமானில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கிப் பழங்குடியினர் இருந்தார்கள். மொத்தமே நூறு பேர் அளவுக்குத்தான் அந்த இனம். நிலம் ஆடியது, கடல் பின்வாங்கியது. அவர்கள் காட்டு மேட்டுக்கு ஏறினார்கள்; பிழைத்தார்கள். பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லித்தந்த செய்தி அல்ல அது. கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே, சுமத்ராவை ஒட்டிய சிமேலுவே தீவிலும் அதே கதை. அங்கே 1907-இல் ஒரு பேரலை வந்திருந்தது. அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் சொல்லி வந்தார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் 2004-இல் இறந்தவர்கள் 7 பேர்.

இந்த இடத்தில் வீட்டுக் கல்விக்காரர்கள் கைதட்டுவார்கள். பொறுங்கள். அதே காலை, அதே கடலின் மறுகரையில், தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி நின்றிருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு கத்தினாள். நூறு பேர் அளவுக்குக் கரையிலிருந்து வெளியேறித் தப்பினார்கள். அவளுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு வாரத்துக்கு முன் பள்ளியில் புவியியல் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி பாடம் நடத்தியிருந்தார்.

மேலே “பள்ளிக்கூடம் சொல்லித்தந்த செய்தி அல்ல” என்று ஓங்கிகளைப் பற்றி எழுதியது வேண்டுமென்றேதான். பாட்டி, மாமன், ஆசிரியர் - ஒருவர் சரியான விஷயத்தைச் சரியான வயதில் சொல்லியிருக்கிறார். அவர் எந்தக் கட்டடத்தில் நின்று சொன்னார் என்பது அலைக்குத் தெரியாது. வீட்டுக் கல்வி வெற்றி பெற்ற கதைகளாக நாம் கேள்விப்படுவதை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால், பெற்றோருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பது தெரியும். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஜெரால்ட் டரலை எடுத்துக்கொள்வோம். 1925-இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். பிற்காலத்தில் ஜெர்சி தீவில் புகழ்பெற்ற விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கியவர். இங்கிலாந்தில் பள்ளித் தலைமையாசிரியர் பிரம்பால் அடித்ததும் அம்மா நிறுத்திவிட்டார். 1935-இல் குடும்பம் கிரேக்கத் தீவான கார்ஃபுவுக்குக் குடிபெயர்ந்தது. நான்கு வருடம் பள்ளி கிடையாது. ஓடை, ஆலிவ் தோப்பு, ஆமை, பல்லி. தீப்பெட்டிக்குள் அவர் வைத்த தாய்த் தேள் குட்டிகளோடு சாப்பாட்டு மேசையில் வெளியே வந்த கதை ஊரறிந்தது. வீட்டார் அலறினார்கள். அவர்கள் யாருக்கும் உயிரியல் தெரியாது. தெரிந்தவர் தியடோர் ஸ்டெஃபனிடஸ் என்ற டாக்டர். அவர் ஒரு சிறுவனைப் பெரியவனாகவே நடத்தினார். நுண்ணோக்கியில் பார்க்கவும், பார்த்ததை எழுதி வைக்கவும் பழக்கினார். அந்த டாக்டர் இல்லாவிட்டால் கார்ஃபு நான்கு வருட விடுமுறையாக முடிந்திருக்கும்.

அந்தமான் நிக்கோபாரிலேயே ஒரு தமிழர் இந்த வேலையைச் செய்திருக்கிறார். வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார் 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறி அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவுக்குப் போய்ப் படித்து, திரும்பி வந்து ஆசிரியராகி, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்து, பிஷப்பாகி, முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினராகவும் உட்கார்ந்தார். ஊர்விட்டு ஊர் போன ஒரு தமிழ் வாத்தியாரின் வீட்டு வாசலில் தொடங்கிய கதை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளியும் இதே ஏற்பாடுதானே.

மும்பை மாளவிகா ஜோஷி 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சேர்ந்தபோது “பத்தாம் வகுப்பு சான்றிதழ் இல்லாமலே எம்ஐடி” என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏழாம் வகுப்போடு அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தன் வேலையை விட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா. சர்வதேச கணினி நிரல் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். ஐஐடியில் பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் இடமில்லை. கதவைத் திறந்தது எது தெரியுமா? நம் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம். காகிதத்தைப் பார்க்காமல் பெண்ணின் அறிவைப் பார்த்து முதுநிலை வகுப்பில் உட்காரவைத்தார்கள். அங்கே இருந்த ஆசிரியர்களைத் தவிர்த்து அந்தக் கதையைச் சொல்ல முடியாது. நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்ட குகேஷ், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனதிலும் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் பங்கு தெரிந்ததே.

ஆகவே வீட்டுக் கல்வியில் இறங்க நினைக்கும் பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி “உங்களுக்கு என்ன தெரியும்?” என்பதைவிட “உங்களுக்கு யாரைத் தெரியும்?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு அந்தமான் நல்ல பதில் வைத்திருக்கிறது. வண்டூரில் 1990-களிலிருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. சென்னை முதலைப் பண்ணைக்காரர்கள் தொடங்கியது. தவளை, ஆமை, பவளம் என்று ஆய்வு செய்யும் இளைஞர்கள் வந்துபோகிறார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் வந்து குடியேறிய கரேன்கள் காட்டையும் கடலையும் நன்றாக அறிந்தவர்கள். ஜெட்டியில் டிங்கி கட்டுகிற தச்சர், கைதிகளின் வழித்தோன்றல்களான லோக்கல் பார்ன் முதியவர், கச்சால் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம்மவர்கள். ஒவ்வொருவரும் ஒரு பருவத்துக்கான பாடம். தெருவில் பேச இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளி, வீட்டுக்குள் தமிழ் என்று மொழிப்பாடம் கட்டணம் இல்லாமல் நடக்கும். 2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சம் மக்களில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 15 சதவீதம்.

யார் செலவில்?

இதுவரை இனிமை. கணக்கையும் பார்த்துவிடுவோம். குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்கு அலைய மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்தார். மைக்ரோபயாலஜிஸ்ட்டான அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. மாளவிகாவுக்காக அம்மா வேலையை விட்டார். அட்டப்பாடியில் கோபாலகிருஷ்ணன் - விஜயலட்சுமி தம்பதி 1980-களின் தொடக்கத்தில் பொட்டல் மலையை வாங்கி, ஆசிரியர் வேலையையே விட்டு, காடு வளர்த்துக்கொண்டே தங்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். சாரங் என்று அந்த இடத்துக்குப் பெயர். எல்லாக் கதையிலும் ஒரு முழுச் சம்பளம் காணாமல்போகிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மாவின் சம்பளம். பிள்ளையின் ஓவியத்தை ஊருக்கெல்லாம் காட்டும் அப்பாக்கள் கொஞ்சம் யோசிக்கலாம். இரண்டு பேரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பத்துக்கு அரசுப் பள்ளியும் மதிய உணவும்தான் விடுதலை. அவர்களிடம் போய்ப் பள்ளிக்கூடம் சிறை என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது.

தோழமை இன்னொரு சிக்கல். மாலை நான்கு மணி வரை தெருவில் விளையாட ஆளிருக்காது. தீவில் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்து புத்தகப் பையை வைப்பதற்குள் வெளிச்சம் போய்விடும். மைதானம், நீச்சல், கோயில் திருவிழா, கராத்தே வகுப்பு என்று பெற்றோர்தான் கூட்டம் தேடிப் போக வேண்டும்.

பிறகு காகிதம். வீட்டுக் கல்விப் பிள்ளைகளுக்கு வழக்கமான வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் போதும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு வரை எந்தச் சான்றும் இல்லாத பிள்ளைக்கு வாழ்வின் முதல் மதிப்பெண் பட்டியல் இதுதான். பல வீடுகளில் பத்து வருடக் குறிப்பேடுகளைவிட அந்த ஒரு தாளுக்குத்தான் தாத்தா பாட்டி இனிப்பு வாங்குவார்கள். அவர்கள் கவலைப்பட்ட வருடங்களுக்கு அது நியாயம்தான். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்று ஒரு கட்டத்தில் தடை வந்தது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எட்டாம் வயதில் டாக்டர் ஆவேன் என்று சொல்லும் பிள்ளையின் பெற்றோர் இந்த வகைச் செய்திகளை விடாமல் படித்துவர வேண்டியிருக்கும்.

2020 வரை தீவில் இருந்துகொண்டு இணைய வகுப்பை நம்புவது வீண். எல்லாமே செயற்கைக்கோள் வழி. மேகம் மூடினால் போச்சு. அந்த ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை இணைத்தார்கள். இப்போது கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் இருக்கும் பிள்ளை சென்னை ஆசிரியரிடம் கணக்குக் கேட்கலாம்.

கேபிள் வந்த பிறகும் கப்பலை விட்டுவிடாதீர்கள். சென்னைக்குச் சுமார் 1,190 கிலோமீட்டர், இரண்டரை நாள். பங்க் வகுப்பில் டிக்கெட் எடுங்கள். தீவுக்காரர்கள் மெயின்லேண்டுக்குப் போவது பெரும்பாலும் வைத்தியத்துக்கோ கல்யாணத்துக்கோ. அடுத்த படுக்கைக்காரர் எதற்குப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். முன்னிரவில் மேல்தளத்துக்குப் போய்க் கிடைமட்டத்திலிருந்து துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். போர்ட் பிளேரில் 11 டிகிரிக்குச் சற்று அதிகம், சென்னையில் 13. கப்பல் ஆடும், முதல் இரவு அளவு தப்பாகத்தான் வரும், இரண்டாம் இரவு ஓரளவு சரியாக வரும். மூன்றாம் இரவுக்குள் துறைமுகம் வந்துவிடும்.